சாமிநாதரும் பந்தம் கவ்விய நாயும்

அரியலூர், பெரம்பலூர் இரண்டு ஊர்களிலுமாகச் சேர்த்து என் உத்தியோக வாழ்க்கையில் பெரும்பகுதி கழிந்தது. நான் சேர்ந்தபோது இரண்டும் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துத் தாலுகாக்கள். 1995-ல் பெரம்பலூர் தனி மாவட்டம் ஆயிற்று. 2001-ல் அதிலிருந்து அரியலூர் பிரிந்தது; மறு வருஷமே திரும்பச் சேர்ந்தது; 2007-ல் மறுபடி பிரிந்தது. ஒவ்வொரு முறையும் ரப்பர் ஸ்டாம்பை மாற்றியவர்களில் நானும் ஒருவன். பெயர் என்பது எவ்வளவு லேசில் மாறும், மாறிய பெயரால் எத்தனை பேர் அலைவார்கள் என்பதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஒரு பெயர் விஷயத்தில் நான் தப்புச் செய்தேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள்.

1980-களின் நடுப்பகுதி. வாரிசுச் சான்று கேட்டு ஒரு கிழவி மனுக் கொடுத்திருந்தார். கொள்ளிடத்துக்கு வடக்கே ஒரு கிராமம். புருஷன் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்து காலமானவர். குடும்ப ஓய்வூதியத்துக்குச் சான்று வேண்டும். பட்டாளத்து டிஸ்சார்ஜ் புத்தகத்தில் பெயர் "டொமினிக்". ரேஷன் கார்டிலும் பட்டாவிலும் "சாமிநாதன்". கோவிலில் இருந்து வாங்கி வந்த ஞானஸ்நான நகலில் "தொமினிக்குஸ்" என்று லத்தீனில் இருந்தது. கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கை, சாமிநாதன் என்பவர் இறந்துவிட்டார் என்று சொன்னது. டொமினிக்கைப் பற்றி மூச்சு விடவில்லை. நான் கோப்பில் எழுதினேன்: "ஆவணங்களில் பெயர் வேறுபாடு உள்ளது. மனுவைத் திருப்பலாம்." மேலே இருந்தவர் கையெழுத்துப் போட்டார். திருப்பினோம்.

கிழவி ஜன்னலோரம் வந்து நின்று, "ஆளு ஒருத்தருதாங்கய்யா, பேருதான் ரெண்டு" என்றார். நான், "அதுக்கு ஒன் அண்ட் சேம் சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்கம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த கோப்பை எடுத்தேன்.

இதில் வெட்கப்பட வேண்டியது என்னவென்றால், அந்த அலுவலகத்திலேயே அந்த இரண்டு பெயரும் ஒன்று என்று தெரிந்திருக்க வேண்டிய ஒரே ஆள் நான்தான். காரைக்காலில் பிறந்து பிரெஞ்சு வழியில் படித்தவன். 1954 நவம்பரில் கொடி மாறிய பிறகும் சில வருஷங்கள் எங்கள் பாடமெல்லாம் பிரெஞ்சில்தான். லத்தீன் படிக்கவில்லை என்றாலும் பிரெஞ்சு வாத்தியார் ஒவ்வொரு சொல்லுக்கும் அதன் லத்தீன் பாட்டனாரைக் கூப்பிட்டுக் காட்டுவார். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிரெஞ்சில் "திமான்ஷ்". அது ஏன் என்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. லத்தீனில் "தொமினுஸ்" என்றால் ஆண்டவன், எஜமான். "தொமினிக்குஸ்" என்றால் ஆண்டவனுக்கு உரியவன், ஆண்டவனுடையது. ஆண்டவனுடைய நாள் திமான்ஷ். போர்த்துக்கீசியரிடம் அதுவே "தொமிங்கு". ஆண்டவனுடைய பிள்ளை தொமினிக். இதை ஒன்பது வயதில் படித்தவன், முப்பத்தைந்து வயதில் பெயர் வேறுபாடு என்று எழுதினேன்.

மூன்று வாரம் கழித்து அந்த அம்மாள் மறுபடி வந்தார். முந்தானைக்குள் ஏதோ மறைத்து வைத்திருந்தார். எடுத்து மேஜை மேல் வைத்தார். கண்ணாடி போட்ட, ஓரம் செல்லரித்த ஒரு பழைய படம். மாதா கையில் குழந்தை; கீழே முழங்காலிட்டு ஜெபமாலை வாங்கும் ஒரு துறவி; வெள்ளை அங்கி, மேலே கறுப்புப் போர்வை. அவர் காலடியில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு நாய், வாயில் எரிகிற பந்தம். "இவருதான் சாமிநாதரு. இவரு பேருதான் அவருக்கு வச்சது" என்றார். படத்துக்கு அடியில் பொடி எழுத்தில் பிரெஞ்சு. "சேன் தொமினிக்". அச்சடித்த ஊர் பாரிஸ்.

எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று. கும்பகோணம் மறைமாவட்டம் 1899-ல் புதுச்சேரியில் இருந்து பிரிந்தது. அரியலூர், பெரம்பலூர் பக்கத்துப் பங்குகள் அதில்தான் வரும். முன்பு அங்கே இருந்த சாமியார்கள் பிரெஞ்சுக்காரர்கள். அவர்கள் கொடுத்த படமாக இருக்கும். எழுத்து தெரியாத வீட்டில் இரண்டு தலைமுறையாகச் சுவரில் தொங்கியிருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்த குமாஸ்தா மனுவைத் திருப்பியிருக்கிறான்.

படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது அந்த அம்மாள் கேட்டார்: "ஏங்கய்யா, சாமி காலடியில அந்த நாய் எதுக்குங்க?" எனக்குத் தெரியவில்லை. வயிரவர் பக்கத்தில் நாய் நிற்பது தெரியும். பந்தம் கவ்விய நாய் தெரியாது. ஓய்வு பெற்ற பிறகுதான் உட்கார்ந்து படித்தேன்.

அவர் பிறந்தது ஸ்பெயினின் காஸ்தில் நாட்டில், காலெருவேகா என்ற சிற்றூரில், 1170-ஐ ஒட்டி. தாய் யுவானா அம்மையார் கருவுற்றிருந்தபோது ஒரு கனவு கண்டதாகக் கதை: வயிற்றில் இருந்து ஒரு நாய்க்குட்டி பந்தத்தைக் கவ்விக்கொண்டு வெளியே வந்து உலகத்துக்கே தீ மூட்டியதாம். இந்தக் கதையை எழுதி வைத்தவர் அவருக்குப் பின் சபைத் தலைவரான சாக்சனி நாட்டு ஜோர்டான். பக்கத்தில் சிலோஸ் என்ற ஊரில் நூறு வருஷத்துக்கு முன் வாழ்ந்த தொமினிக் என்ற மடாதிபதியின் பெயரைக் குழந்தைக்கு வைத்தார்கள். ஆக, பந்தம் கவ்விய நாயும் ஆண்டவனுக்கு உரியவன் என்ற பெயரும் பிறக்கும்போதே அவரோடு சேர்ந்துவிட்டன.

அவர் தொடங்கிய சபைக்கு போப் மூன்றாம் ஹொனோரியுஸ் ஒப்புதல் கொடுத்தது 1216 டிசம்பர் 22-ல். அதன் அலுவலகப் பெயர் தொமினிக் சபை அல்ல. "போதகர்களின் சபை" என்பதுதான் பெயர். பிரெஞ்சில் "ஃப்ரேர் ப்ரெஷேர்", பிரசங்கம் செய்யும் சகோதரர்கள். இந்த "ஃப்ரேர்" என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். அதற்கு முன்பு துறவி என்றால் மடத்துக்குள் இருப்பவர். நிலபுலம் இருக்கும், மதில் இருக்கும், ஒரு மடத்தில் சேர்ந்தால் அங்கேயே சாவார். 13-ஆம் நூற்றாண்டில் வந்த இவர்களும் அசிசி பிரான்சிசின் ஆட்களும் வேறு ரகம். சொத்து வைத்துக்கொள்ளாமல், ஊர் ஊராக நடந்து, பிச்சை எடுத்துச் சாப்பிட்டு, தெருவில் நின்று பேசினார்கள். நம் ஊரில் ஆதீனத்துத் தம்பிரானுக்கும் தெருவோடு பாடி வரும் பண்டாரத்துக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். தமிழில் இரண்டு பேரையும் "சாமியார்" என்று சொல்லி முடித்துவிடுகிறோம்.

அலுவலகப் பெயர் ஒன்று, ஊர் வைக்கும் பெயர் வேறு. இங்கிலாந்தில் அவர்களுடைய கறுப்புப் போர்வையைப் பார்த்துக் "கறுப்புச் சகோதரர்கள்" என்றார்கள். லண்டனில் பிளாக்ஃப்ரையர்ஸ் என்று ஒரு பாலமும் ஒரு ரயில் நிலையமும் இன்றும் அந்தப் போர்வையின் பெயரைச் சுமக்கின்றன. பிரான்சில் நடந்தது இன்னும் வேடிக்கை. 1218-ல் பாரிசில் அவர்களுக்கு ஒரு வீடு கிடைத்தது. அது சேன் ழாக் தெருவில், அந்தப் புனிதரின் பெயரால் இருந்த ஒரு சத்திரம். ஸ்பெயினில் உள்ள சந்தியாகு கோவிலுக்கு யாத்திரை போகிறவர்கள் பாரிசை விட்டுப் புறப்படும் தெரு அது. ழாக், யாக்கோபு, யாகப்பர், சந்தியாகப்பர் எல்லாம் ஒரே ஆள். லத்தீனில் யாக்கோபுஸ். அந்தத் தெருவில் குடியிருந்ததால் இவர்கள் "ஜாக்கொபென்"கள் ஆனார்கள். சந்தியாகப்பர் தெருக்காரர்கள் என்று நாம் சொல்லுவோமே, அவ்வளவுதான். திருவாவடுதுறை, தருமபுரம் என்று ஊர்ப் பெயரால் மடத்தைச் சொல்கிற நமக்கு இது புதிதில்லை.

பள்ளியில் நான் படித்த ஜாக்கொபென்கள் வேறு. ரோபெஸ்பியர், கில்லட்டின், ராஜாவின் தலை. 1789-ல் புரட்சி வெடித்தபோது "அரசமைப்பின் நண்பர்கள்" என்று ஒரு சங்கம் பாரிசில் கூடியது. கூட இடம் வேண்டும். சேன் ஒனோரே தெருவில் இதே சபைக்கு இன்னொரு மடம் இருந்தது. அங்கே சாமியார்கள் சாப்பிடும் கூடத்தை வாடகைக்கு எடுத்தார்கள். எதிரிகள் கேலியாக "ஜாக்கொபென்கள்" என்றார்கள். சங்கத்தார் கோபித்துக்கொள்ளாமல் அதையே வைத்துக்கொண்டார்கள். 1790-ல் துறவற சபைகளையெல்லாம் புரட்சி கலைத்தது. சாமியார்கள் போய்விட்டார்கள், பெயர் மட்டும் சாமியார்களை விரட்டியவர்களிடம் நின்றுவிட்டது. இன்னொரு புரட்சிச் சங்கத்துக்கு "கோர்தலியே" என்று பெயர். அது இடுப்பில் கயிறு கட்டும் பிரான்சிஸ் சபையாரின் பட்டப்பெயர். அவர்களுடைய மடத்தில் கூடியதால் வந்தது. ராஜாவைத் தீர்த்த இரண்டு கட்சிக்கும் பிச்சைக்காரச் சாமியார்களின் பெயர் என்று எங்கள் வாத்தியார் சொல்லிச் சிரிப்பார். எங்களுக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. பரீட்சைக்கு வருமா என்றுதான் கேட்டோம்.

அந்தப் பெயர் கப்பல் ஏறி நம் பக்கமும் வந்தது. 1797-ல் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் திப்புவிடம் இருந்த பிரெஞ்சுக்காரர்கள் ஒரு ஜாக்கொபென் சங்கம் நடத்தினார்கள் என்று ஆங்கிலேயர் ஆவணம் வெளியிட்டு, திப்புவின் மேல் படையெடுக்க அதையும் ஒரு காரணமாகக் காட்டினார்கள். அந்த ஆவணத்தில் எவ்வளவு உண்மை என்று வரலாற்றாசிரியர்களுக்குள் இன்னும் சண்டை. பாரிசில் ஒரு தெருவின் பெயர், காவிரிக் கரையில் ஒரு ராஜ்யத்தின் குற்றப்பத்திரிகையில் ஏறியது.

நாய்க்கு வருகிறேன். "தொமினிக்கானுஸ்" என்ற லத்தீன் சொல் இலக்கணப்படி தொமினிக்கின் ஆள் என்றுதான் பொருள்படும். ரோமா, ரோமானுஸ் என்பது போல. ஆனால் அதன் பன்மையைக் கொஞ்சம் உடைத்து "தொமினி கானெஸ்" என்று படித்தால் "ஆண்டவனின் நாய்கள்" என்று ஆகிவிடும். கானெஸ் என்றால் நாய்கள். இது சொல்லின் பிறப்பு அல்ல, சிலேடை. காளமேகப் புலவர் கேட்டிருந்தால் ரசித்திருப்பார். இதுதான் பெயருக்கு மூலம் என்று சில புத்தகங்களில் எழுதியிருப்பது தப்பு. பெயர் முன்னால், சிலேடை பின்னால். ஆனால் தாயின் கனவில் ஏற்கனவே நாய் இருந்ததால் சிலேடை அப்படியே பொருந்திக்கொண்டது. 1360-களில் புளோரன்ஸ் நகரத்தில் சாந்தா மரியா நொவெல்லா மடத்துச் சுவரில் ஆந்திரேயா என்ற ஓவியர், கறுப்பு வெள்ளை நாய்கள் ஆட்டு மந்தையைக் காத்து ஓநாய்களைக் கடிப்பதாகவே வரைந்துவிட்டார். கறுப்பு வெள்ளை என்பது அவர்களுடைய உடுப்பின் நிறம்.

நாய் என்று சொன்னால் திட்டல்லவா என்று நமக்குத் தோன்றும். மாணிக்கவாசகர் தம்மை எத்தனை இடத்தில் நாயேன் என்று சொல்லிக்கொள்கிறார் என்பதை நினைத்துப் பார்த்தால் தோன்றாது. அவர் சொல்லும் நாய் தாழ்மையின் நாய். இவர்களுடையது குரைக்கிற நாய். குரைக்க மாட்டாத காவல் நாயால் பயனில்லை என்ற பொருளில் பழைய ஏற்பாட்டில் ஏசாயா ஆகமத்தில் ஒரு கண்டனம் வருகிறது. பிரசங்கம் செய்யாத குருக்களுக்கு அதைப் பொருத்திச் சொல்வது வழக்கம். ஆகவே பிரசங்கிக்கு நாய் என்பது பாராட்டு.

ஆனால் நாய் கடிக்கவும் செய்யும். தொமினிக் 1221-ல் இறந்தார். பத்து வருஷத்தில் போப் ஒன்பதாம் கிரகோரி, மத விரோதிகளை விசாரிக்கும் வேலையை இந்தச் சபையாரிடம் பெரும்பாலும் ஒப்படைத்தார். அதன் பிறகு "ஆண்டவனின் நாய்கள்" என்பதை மக்கள் வேறு குரலில் சொன்னார்கள். இதை மறைத்து எழுத எனக்கு விருப்பம் இல்லை. அதே சபையைச் சேர்ந்த மொந்தேசினோஸ் என்பவர் 1511 டிசம்பரில் இஸ்பானியோலா தீவில், செவ்விந்தியரை அடிமைப்படுத்தி வைத்திருந்த ஸ்பானியக் கனவான்களை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு, நீங்கள் செய்வது பாவம் என்று பிரசங்கித்தார். கவர்னரே கோபித்துக்கொண்டார், இவர் அடுத்த ஞாயிறும் அதையே சொன்னார். அது வீட்டுக்காரனைப் பார்த்தே குரைத்த நாய்.

நம் நாட்டில் இவர்களுடைய கால் பட்டதும் பழைய கதை. 1291-ஐ ஒட்டி, சீனாவுக்குப் போகும் வழியில் மொந்தெகொர்வினோ ஜான் என்ற பிரான்சிஸ் சபைத் துறவி மயிலாப்பூரில் பதின்மூன்று மாதம் தங்கினார். அவருடன் வந்தவர் பிஸ்தோயா ஊர் நிக்கோலாஸ், போதகர் சபைக்காரர். அவர் அங்கேயே இறந்து புனித தோமையார் கோவிலில் அடக்கமானார் என்று ஜான் சீனாவில் இருந்து கடிதம் எழுதியிருக்கிறார். வாஸ்கோ ட காமாவுக்கு இருநூறு வருஷம் முன்பே ஒரு "சாமிநாதர் சபை"க்காரர் மயிலாப்பூர் மண்ணுக்குள். 1329-ல் கொல்லத்துக்கு ஆயராக நியமிக்கப்பட்ட ஜோர்டான் கத்தலாவும் இதே சபை, தென் பிரான்சுக்காரர்.

சாமிநாதர் என்ற தமிழ்ப் பெயருக்கு வருவோம். அரியலூரில் இருந்து ஏலாக்குறிச்சிக்கு ஒரு தடவையாவது போயிருப்பீர்கள். திருக்காவலூர் என்று அதற்குப் பெயர் வைத்து அடைக்கல மாதாவுக்குக் கோவில் கட்டியவர் வீரமாமுனிவர். அவர் இயேசு சபைக்காரர், நான் மேலே சொன்ன சாமிநாதர் சபை அல்ல. ஆனால் பெயரை மொழிபெயர்ப்பது எப்படி என்பதை அவரிடம்தான் பார்க்க வேண்டும். அவருடைய இயற்பெயர் கொன்ஸ்தான்சோ. உறுதி என்ற பொருளை எடுத்துக்கொண்டு தைரியநாதர் ஆனார். தேம்பாவணியில் சூசையப்பர் "வளன்" ஆகிறார். யோசேப்பு என்ற எபிரேயச் சொல்லுக்குப் பெருகுதல் என்பது பொருள். ஸ்நாபக அருளப்பர் "கருணையன்". ஒலியை விட்டுவிட்டுப் பொருளைப் பிடிப்பது. தொமினிக்குஸ் "சாமிநாதர்" ஆனதும் இந்த வழியில்தான்.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு. நமக்குச் சாமிநாதன் என்றால் சுவாமிமலை முருகன். தகப்பனான சிவனுக்கே உபதேசம் செய்து சுவாமிக்கு நாதன் ஆனவர். அப்படியானால் ஆண்டவனுக்கு உரியவன் என்று இருந்தது, ஆண்டவனுக்கே ஆண்டவன் என்று தலைகீழாகிவிட்டதா? பெரம்பலூரில் என் பக்கத்து வீட்டில் ஒரு தமிழாசிரியர் இருந்தார். அவரிடம் கேட்டேன். "சாமிக்கு நாதன்னு ஏன் விரிக்கிறீங்க? சாமியை நாதனாக உடையவன்னு விரியுங்க, அன்மொழித்தொகை" என்றார். ஒரு வேற்றுமை உருபை மாற்றியதும் சரியாகப் போயிற்று. சுவாமிமலையும் மறைமாவட்டத்தின் தலைமைக் கோவிலும் கும்பகோணத்தைச் சுற்றித்தான் இருக்கின்றன. இரண்டு பக்கத்துக் குழந்தைகளுக்கும் ஒரே பெயர், இரண்டு விரி.

அவரே இன்னொன்றும் சொன்னார். அரியலூரில் சடகோப ஐயங்காரிடம் தமிழ் படித்த ஒரு பையனின் பெயர் வேங்கடராமன். பிற்பாடு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போனபோது அவர் வேறு பெயர் இல்லையா என்று கேட்க, வீட்டில் சாமிநாதன் என்றும் கூப்பிடுவார்கள் என்று தெரிந்து அதையே வைத்துக்கொண்டார். அப்படித்தான் நமக்கு உ.வே.சா. கிடைத்தார். "அவரு நம்ம ஆபீசுக்கு வந்திருந்தா, பெயர் வேறுபாடுன்னு திருப்பியிருப்பீங்க" என்றார் தமிழாசிரியர். நான் அவரிடம் அந்தக் கிழவியைப் பற்றி அதற்கு முன் சொல்லியிருந்தேன்.

கிழவியின் மனு என்ன ஆயிற்று? என் குறிப்பை நானே மறுத்து இன்னொரு குறிப்பு எழுதினேன். படத்தைச் சான்றாக ஏற்க முடியாது என்று மேலே இருந்து வந்தது. அது நியாயம்தான். பங்குச் சாமியாரிடம் கடிதம், ஊர்ப் பெரியவர் இரண்டு பேர் வாக்குமூலம், ஆர்.ஐ. விசாரணை என்று மூன்று மாதம் ஓடியது. அந்த மூன்று மாதத்தில் அவர் ஐந்து தடவை வந்து போனார். ஒவ்வொரு தடவையும் இரண்டு பஸ் மாற வேண்டும். முதல் நாளே எனக்குப் பொறி தட்டியிருந்தால் அதில் பாதி மிச்சம். பஸ் காசு கொடுக்கப் போனேன், வாங்க மாட்டேன் என்றார்.

கடைசி நாள் சான்றைக் கையில் வாங்கிக்கொண்டு, நாயைப் பற்றித் தெரிஞ்சதா என்று கேட்டார். இல்லையம்மா என்றேன். "ராத்திரி தண்ணி பாய்ச்சப் போறப்ப அரிக்கேன் எடுத்துக்கிட்டுப் போவாரு, கூடவே நாயும் போவும். அது மாதிரி இருக்கும்" என்று அவரே சொல்லிக்கொண்டார். படத்தை முந்தானைக்குள் வைத்து, மூலையில் கண்ணாடி உடையாமல் இருக்க என் மேஜையில் கிடந்த பழைய செய்தித்தாளைக் கேட்டுச் சுற்றிக்கொண்டு போனார். சான்றில் பெயர் எழுதியது நான்தான்: "சாமிநாதன் என்கிற டொமினிக்."